ஃபுல்லரீன் பூசிய சிலிக்கான்: எந்தச் சிலிக்கான்?

ஃபுல்லரீன் எனும் கூண்டு வடிவக் கார்பன் மூலக்கூறுகள் பூசிய சிலிக்கான் பரப்பைப் பற்றி யாராவது பேச்செடுத்தால், பூசுவதற்கு முன் அந்தச் சிலிக்கானை என்ன செய்தீர்கள் என்றுதான் இப்போதெல்லாம் முதலில் கேட்கிறேன். இந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் பிடித்தன. அதுவரை சி60 (அறுபது கார்பன் அணுக்களாலான ஃபுல்லரீன்) என்பது ஒரு பொருள், சிலிக்கான் என்பது இன்னொரு பொருள், இரண்டையும் சேர்த்தால் மூன்றாவதாக ஒரு பொருள் கிடைக்கும், அதன் பண்புகளை அளந்து அட்டவணையில் எழுதிவிடலாம் என்றுதான் நம்பிக்கொண்டிருந்தேன். இரண்டு ஆய்வுக் கட்டுரைகளில் ஒரே மூலக்கூறு, ஒரே தடிமன், ஒரே வகை வேஃபர் (மெல்லிய சிலிக்கான் தகடு) என்று எழுதியிருந்தும் அளவீடுகள் ஒன்றுக்கொன்று முரணாக இருப்பதைக் கண்டு, ஒருவர் தவறாக அளந்திருக்க வேண்டும் என்று முடிவு கட்டியதும் உண்டு. உண்மையில் இருவரும் சரியாகவே அளந்திருந்தார்கள். அவர்கள் அளந்தவை வெவ்வேறு பொருள்கள்.

சிலிக்கான் படிகத்தின் உள்ளே ஒவ்வோர் அணுவும் நான்கு அண்டை அணுக்களோடு பிணைந்திருக்கிறது. படிகத்தை வெட்டினால் வெட்டுப்பரப்பில் உள்ள அணுக்களுக்கு அண்டை அணுக்கள் குறைகின்றன. துணை கிடைக்காத எலக்ட்ரான்கள் தொங்கும் பிணைப்புகளாக வெளியே நீட்டிக்கொண்டு நிற்கின்றன. இந்த நிலை ஆற்றல் மிகுந்தது என்பதால் பரப்பு அணுக்கள் தாமாகவே இடம் மாறி, தொங்கும் பிணைப்புகளின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்கின்றன. (111) எனக் குறிக்கப்படும் வெட்டுப்பரப்பை மிக உயர்ந்த வெற்றிடத்தில் ஏறத்தாழ 1,200 டிகிரி செல்சியஸுக்குச் சில விநாடிகள் சூடாக்கி ஆறவிட்டால் கிடைக்கும் 7×7 அமைப்பு (பழைய கூட்டைவிடப் பக்கத்துக்கு ஏழு மடங்கு பெரிய கூடு திரும்பத் திரும்ப வருவது) இவ்வகையில் புகழ்பெற்றது. 1983-இல் பின்னிக், ரோரர் ஆகியோரின் குழு ஊசிமுனையைப் பரப்பின் மேல் நகர்த்திப் படமெடுக்கும் தங்கள் ஸ்கேனிங் டனலிங் நுண்ணோக்கியால் அதை அணு அணுவாகப் படம் பிடித்தது. 1985-இல் தகாயனாகியும் அவருடைய குழுவினரும் அதன் முழுக் கட்டமைப்பை விளக்கினார்கள். அணுக்கள் இப்படி இடம் மாறும் மறுசீரமைப்பு இல்லாவிட்டால், திரும்பத் திரும்ப வரும் அந்தக் கூட்டில், அதாவது ஓர் அலகுக் கூட்டில், 49 தொங்கும் பிணைப்புகள் இருந்திருக்கும். மறுசீரமைப்புக்குப் பிறகு 19 மட்டுமே எஞ்சுகின்றன. க்ரோட்டோ, கர்ல், ஸ்மாலி ஆகியோரின் குழு சி60 மூலக்கூறைக் கண்டறிந்ததும் அதே 1985-இல்தான். இரண்டு செய்திகளுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்றாலும், ஏழே ஆண்டுகளில் இந்த மூலக்கூறை அந்தப் பரப்பின் மீதே வைத்துப் பார்த்துவிட்டார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது. இடையில் 1990-இல் க்ரேட்ச்மரும் ஹஃப்மனும் கிராஃபைட் தண்டுகளை ஹீலியத்தில் ஆவியாக்கிக் கிராம் கணக்கில் சி60 தயாரிக்கும் வழியைக் கண்டுபிடித்திராவிட்டால் இது நடந்திருக்காது.

7×7 பரப்பில் வந்து விழும் சி60 மூலக்கூறு, விழுந்த இடத்திலேயே ஒட்டிக்கொள்கிறது. அறை வெப்பநிலையில் அது நகர்வதில்லை. சி60 படிகத்துக்குள் இதே மூலக்கூறு விநாடிக்குப் பல நூறு கோடி முறை சுழன்றுகொண்டிருக்கும் என்பதையும், அந்தச் சுழற்சி 260 கெல்வினுக்குக் கீழேதான் கட்டுப்படத் தொடங்கும் என்பதையும் அறிந்தவர்களுக்கு, இந்தத் திடீர் அசைவின்மை எவ்வளவு வலுவான பிணைப்பைக் காட்டுகிறது என்பது புரியும். பல அடுக்குகளாகப் பூசிய பின் மெல்லச் சூடாக்கினால், ஏறத்தாழ 300 டிகிரிக்குள் மேலடுக்குகள் எல்லாம் ஆவியாகிப் போய்விடுகின்றன. அடியில் உள்ள முதல் அடுக்கு மட்டும் அப்படியே இருக்கிறது. இன்னும் அதிகமாகச் சூடாக்கினாலும் அது ஆவியாகிப் போவதில்லை. மூலக்கூறின் கூண்டு உடைந்து, கார்பன் அணுக்கள் சிலிக்கானோடு சேர்ந்து சிலிக்கான் கார்பைடாக மாறிவிடுகின்றன. வந்த வழியே திரும்பிப் போகாத விருந்தாளி என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. (100) என்ற வேறொரு வெட்டுப்பரப்பிலும் நிலைமை ஏறக்குறைய இதேதான். அங்கு நுண்ணோக்கியின் ஊசிமுனையால் ஒரு மூலக்கூறைத் தள்ளும்போது, அது வழுக்கிச் செல்லாமல், ஒரு பக்கத்துப் பிணைப்பை முறித்து மறு பக்கத்தில் புதுப்பிணைப்பை உண்டாக்கிக்கொண்டு உருண்டு செல்கிறது என்று நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகக் குழுவினர் காட்டியிருக்கிறார்கள்.

இதை ஒரு சிறு கணக்காகவும் போட்டுப் பார்க்கலாம். 7×7 அலகுக் கூட்டின் பக்க நீளம் ஏறத்தாழ 2.69 நானோமீட்டர், அப்படியானால் அதன் பரப்பளவு 6.27 சதுர நானோமீட்டர். நெருக்கமாக அடுக்கப்பட்ட சி60 மூலக்கூறுகளுக்கு இடையிலான தொலைவு 1 நானோமீட்டர் என்று கொண்டால் ஒன்றுக்கு 0.87 சதுர நானோமீட்டர் இடம் தேவை. ஆகவே ஒரு கூட்டில் ஏழு மூலக்கூறுகளுக்குச் சற்று மேல் இடம் இருக்கிறது. 19 தொங்கும் பிணைப்புகளை அவற்றுக்குப் பங்கிட்டால், ஒவ்வொரு மூலக்கூறுக்கும் இரண்டு அல்லது மூன்று கிடைக்கின்றன. அறுபது கார்பன் அணுக்களைக் கொண்ட ஒரு கூண்டை அசையவிடாமல் நிறுத்த இவ்வளவே போதும். இந்தப் பிணைப்பு சகப்பிணைப்பா, எலக்ட்ரான் முழுதாக இடம்பெயர்ந்த அயனிப் பிணைப்பா என்று தொண்ணூறுகளில் நீண்ட விவாதம் நடந்தது. சி60 எலக்ட்ரான்களை விரும்பி ஏற்கும் மூலக்கூறு என்பதால் அயனிப் பிணைப்பு என்ற எண்ணம் இயல்பாகவே முதலில் எழுந்தது. ஆனால் ஒளியால் எலக்ட்ரான்களை வெளியேற்றி அவற்றின் ஆற்றலை அளக்கும் ஒளியுமிழ்வு நிறமாலைகளில், முதல் அடுக்கின் எலக்ட்ரான்கள் நிரம்பிய உச்ச ஆற்றல் மட்டம் பிளவுபட்டுப் புதிய பிணைப்பு நிலைகள் தோன்றியிருப்பது தெரிந்த பிறகு, சகப்பிணைப்பே முதன்மையானது என்ற பக்கம் தராசு சாய்ந்தது. எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது.

இனி இரண்டாவது சிலிக்கானுக்கு வருவோம். அதே வேஃபரை நீர்த்த ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தில் ஓரிரு நிமிடங்கள் வைத்தால், மேலே இயற்கையாக வளர்ந்திருக்கும் ஒன்றிரண்டு நானோமீட்டர் ஆக்சைடு கரைந்து, ஒவ்வொரு தொங்கும் பிணைப்பின் நுனியிலும் ஒரு ஹைட்ரஜன் அணு வந்து உட்கார்ந்துவிடுகிறது. இது நடந்துவிட்டதா என்று அறிய எந்தக் கருவியும் வேண்டாம். அமிலத்தில் இடும் முன் வேஃபரைத் தண்ணீரிலிருந்து தூக்கினால், ஆக்சைடின் மேல் தண்ணீர் ஒரு மெல்லிய தாளாகப் படிந்து மெதுவாக வடியும். ஆக்சைடு போன பிறகு தூக்கினால், தண்ணீர் நிற்க இடமில்லாததுபோல் சட்டென்று விலகி, வேஃபர் உலர்ந்தே மேலே வரும். ஓரத்தில் ஒன்றிரண்டு துளிகள் மட்டும் உருண்டு நிற்கும். எத்தனை முறை செய்தாலும் இதைப் பார்ப்பதில் எனக்கு அலுப்பு ஏற்படுவதில்லை. (அந்த அமிலத்தின் காயம் தொடக்கத்தில் வலிக்காமலேயே ஆழமாகப் போகக்கூடியது. கால்சியம் குளுக்கோனேட் களிம்பு கைக்கெட்டும் தூரத்தில் இல்லாமல் யாரும் அந்தக் குடுவையைத் திறக்கக்கூடாது.)

ஹைட்ரஜன் மூடிய இந்தப் பரப்பில் சி60 மூலக்கூறு பற்றிக்கொள்ள எதுவும் இல்லை. வான் டெர் வால்ஸ் ஈர்ப்பு எனும் வலுக்குறைந்த விசை மட்டுமே அதைப் பிடித்து வைக்கிறது. மூலக்கூறுகள் பரப்பில் அலைந்து, ஒன்றையொன்று கண்டுபிடித்து, தங்கள் சொந்தப் படிகத்தின் நெருங்கிய அடுக்கமைப்பிலேயே தீவுகளாகச் சேர்கின்றன. அடியில் இருப்பது சிலிக்கான் என்பது அவற்றுக்கு ஏறக்குறைய தெரியாது. ஆக்சைடு மூடிய பரப்பிலும் நிலைமை பெரும்பாலும் இவ்வாறே. ஆகவே ஒரு பக்கம் கூண்டையே திருத்தி எழுதும் அளவுக்கு வலுவான வேதிப்பிணைப்பு, மறு பக்கம் மேசைமேல் வைத்த கோலிக்குண்டுகள். இரண்டையும் ஒரே பெயரால் அழைத்துக்கொண்டிருக்கிறோம்.

மின்னணுப் பண்புகளில் இந்த வேறுபாடு எப்படி வெளிப்படுகிறது என்பதைப் பார்க்க, முதலில் பிணைப்பு இல்லாத எளிய நிலையை எடுத்துக்கொள்ளலாம். சிலிக்கானின் கடத்துப் பட்டையின் (எலக்ட்ரான்கள் தடையின்றி நகரும் ஆற்றல் பட்டை) அடி, வெற்றிட மட்டத்திலிருந்து (எலக்ட்ரான் பொருளை விட்டே வெளியேறும் ஆற்றல்) 4.05 எலக்ட்ரான் வோல்ட் கீழே இருக்கிறது. ஆற்றல் இடைவெளி 1.12 என்பதால் எலக்ட்ரான்கள் நிரம்பிய இணைதிறன் பட்டையின் உச்சி 5.17-இல் அமைகிறது. திண்ம சி60-இன் காலியான கீழ் மட்டம் ஏறத்தாழ 4-ஐ ஒட்டியும், நிரம்பிய மேல் மட்டம் 6-ஐத் தாண்டியும் இருக்கின்றன. ஆகவே சிலிக்கானிலிருந்து வரும் எலக்ட்ரானுக்கு சி60 ஏறக்குறைய ஒரே உயரத்தில் திறந்த வாசல். துளைக்கோ (எலக்ட்ரான் இல்லாத காலியிடம், நேர்மின்னூட்டம் போல நகர்வது) ஒரு எலக்ட்ரான் வோல்ட் அளவுக்கு உயர்ந்த சுவர். எலக்ட்ரானை மட்டும் கடத்தித் துளையைத் தடுக்கும் அடுக்காக சி60-ஐ இன்றைய பெரோவ்ஸ்கைட்-சிலிக்கான் இரட்டைச் சூரிய மின்கலங்களில் பயன்படுத்துவதற்கும் இதே காரணந்தான். அங்கு அது பெரும்பாலும் ஒளியை உறிஞ்சும் பெரோவ்ஸ்கைட் படிக அடுக்கின் மேல் பூசப்படுகிறதே தவிர நேரடியாகச் சிலிக்கானின் மேல் பூசப்படுவதில்லை என்பது வேறு.

இந்த மட்டங்களின் வரிசையை வைரத்தோடு ஒப்பிட்டால் இன்னும் தெளிவாகும். ஹைட்ரஜன் மூடிய வைரத்தின் இணைதிறன் பட்டை வெற்றிட மட்டத்துக்கு மிக அருகில், ஏறத்தாழ 4.2 எலக்ட்ரான் வோல்ட் ஆழத்தில்தான் இருக்கிறது. அதன் மேல் சி60-ஐப் பூசினால் மூலக்கூறுகள் வைரத்திலிருந்தே எலக்ட்ரான்களை இழுத்துக்கொள்ள, பரப்பில் துளைகள் உண்டாகி, மின்காப்புப் பொருளான வைரம் பரப்பு மட்டத்தில் மின்சாரம் கடத்தத் தொடங்குகிறது. 2004-இல் வெளியான இந்த முடிவைப் படித்த உற்சாகத்தில், சிலிக்கானிலும் இதையே செய்யலாம் என்று நான் ஒரு முழு மாதத்தைச் செலவிட்டேன். சிலிக்கானின் இணைதிறன் பட்டை மேலும் ஒரு எலக்ட்ரான் வோல்ட் ஆழத்தில் இருக்கிறது என்பதைத் தாளில் ஒரு கோடு போட்டுப் பார்த்திருந்தால் அந்த மாதம் மிச்சமாகியிருக்கும். சாதாரண சி60-ஆல் அங்கிருந்து எலக்ட்ரானை எடுக்க முடியாது.

ஆனால் கடத்துப் பட்டையிலிருந்தும் பரப்பு நிலைகளிலிருந்தும் (பரப்பில் மட்டும் உள்ள எலக்ட்ரான் மட்டங்கள்) எடுக்க முடியும். எவ்வளவு குறைவாக எடுத்தாலும் போதும் என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. முழுமையான ஓர் அடுக்கில் சதுர சென்டிமீட்டருக்கு 1.15×10¹⁴ மூலக்கூறுகள் இருக்கின்றன. கன சென்டிமீட்டருக்கு 10¹⁵ மாசணுக்கள் சேர்த்த மிதமான எலக்ட்ரான் வகைச் சிலிக்கானில், பரப்புக்கு அருகே எலக்ட்ரான்கள் விலகுவதால் உண்டாகும் வெறுமைப் பகுதி அதிகபட்சமாக ஒரு மைக்ரோமீட்டருக்குச் சற்றுக் குறைவாகவே விரியும். அதிலுள்ள மொத்த மின்னூட்டம் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 9×10¹⁰ எலக்ட்ரான்களுக்குச் சமம். அதாவது, ஆயிரம் மூலக்கூறுகளில் ஒன்று மட்டும் ஓர் எலக்ட்ரானைப் பிடித்து வைத்துக்கொண்டாலே அடியில் உள்ள சிலிக்கான் முழுவதுமாக வெறுமையாகிவிடும். மற்ற 999 மூலக்கூறுகள் ஒன்றுமே செய்யவில்லை. ஆகவே மின்தேக்கத்தை அளந்து மின்னழுத்தப் பெயர்ச்சியைக் கண்டதும் மூலக்கூறுகள் எல்லாம் மின்னூட்டம் பெற்றுவிட்டன என்று முடிவு செய்வது பெரிய பிழை. சுத்தமான 7×7 பரப்பிலோ, அதன் சொந்தப் பரப்பு நிலைகளே ஃபெர்மி மட்டத்தை (எலக்ட்ரான்கள் எந்த ஆற்றல் வரை நிரம்பியிருக்கின்றன என்பதைக் குறிப்பது) இடைவெளியின் நடுப்பகுதியில் ஏற்கனவே கட்டிப்போட்டிருக்கின்றன என்பதால், அங்கே சி60 வந்து செய்யும் மாற்றத்தை வேறொரு தொடக்கப் புள்ளியிலிருந்து அளக்க வேண்டியிருக்கிறது.

மின்தேக்க அளவீட்டில் இன்னொரு பொறியும் உண்டு. மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கும்போது கோடு ஒரே வழியில் திரும்பாமல் வளையமாக வந்தால், சி60 மின்னூட்டத்தைச் சேமிக்கிறது, நினைவகம் செய்யலாம் என்று ஆசை பிறக்கும். ஆக்சைடில் கலந்திருக்கும் சோடியம் போன்ற அயனிகளும் அதேபோல் வளையம் போடும். வளையம் எந்தத் திசையில் சுற்றுகிறது என்று பார்த்தால் இரண்டையும் பிரித்தறியலாம். எலக்ட்ரான் பிடிபடும்போது ஒரு திசை, அயனி நகரும்போது எதிர்த்திசை. இதைச் சொல்லாமல் வளையத்தின் அகலத்தை மட்டும் அறிவிக்கும் கட்டுரைகளை நான் நம்புவதில்லை. காற்றுப் பட்ட மாதிரிகளையும் அப்படித்தான். சி60 படலத்துக்குள் ஆக்சிஜன் புகுந்து மூலக்கூறுகளுக்கு இடைப்பட்ட வெற்றிடங்களில் தங்கிக்கொள்ளும்போது, அதன் மின்கடத்துத்திறன் பல மடங்கு, பத்தின் அடுக்குகளில் வீழ்ச்சி அடைகிறது.

ஒளியியல் பண்புகளில்தான் நான் அதிகமாக அடிபட்டேன். சி60 மூலக்கூறின் நிரம்பிய மேல் மட்டத்துக்கும் காலியான கீழ் மட்டத்துக்கும் மையத்தைப் பொறுத்து ஒரே வகை (ஒற்றைப்படை) சமச்சீர் இருப்பதால், ஒளியை உறிஞ்சி இவற்றுக்கு இடையே நிகழும் நேரடித் தாவலை, எந்தத் தாவல் நடக்கலாம் என்று தீர்மானிக்கும் இருமுனை விதி தடுக்கிறது. அதனால்தான் படலம் சிவப்பு ஒளியைப் பெரும்பாலும் விட்டுவிட்டு, 450 நானோமீட்டர் அருகிலும் அதைவிட வலுவாக 340 அருகிலும் உறிஞ்சுகிறது. டொலுயீனில் கரைத்தால் ஊதா, கண்ணாடியில் படலமாகப் பூசினால் மஞ்சள் கலந்த பழுப்பு. மூலக்கூறு சிலிக்கானோடு பிணைந்து அதன் சமச்சீர் குலைந்தால், தடுக்கப்பட்ட அந்தத் தாவல் சிறிதளவு அனுமதிக்கப்பட வேண்டும் என்பது கோட்பாடு. ஆகவே எதிரொளிப்பு நிறமாலையில் 640 நானோமீட்டர் அருகே ஆழமான ஒரு பள்ளத்தைக் கண்டபோது, நான் தேடிக்கொண்டிருந்தது கிடைத்துவிட்டது என்று மகிழ்ந்து, இரண்டு பக்கம் விளக்கமும் எழுதி வைத்துவிட்டேன்.

அந்த மாதிரி கண்ணுக்குக் கருநீலமாகத் தெரிந்தது. பழுப்பாக இருக்க வேண்டிய பொருள் ஏன் நீலமாக இருக்கிறது என்று நின்று யோசித்திருக்க வேண்டும், யோசிக்கவில்லை. இரண்டு வாரங்கள் கழித்துச் சற்றே தடிமனான இன்னொரு மாதிரியை அளந்தபோது பள்ளம் 750 அருகே போய்விட்டது. மூலக்கூறின் மட்டங்கள் தடிமனுக்கு ஏற்ப நகர்வதில்லை. அது படலத்தின் மேல், கீழ்ப் பரப்புகளில் எதிரொளித்த ஒளி அலைகள் ஒன்றையொன்று அழிக்கும் வெறும் குறுக்கீட்டு விளைவு. சிவப்பு ஒளியில் சிலிக்கானின் ஒளிவிலகல் எண் 3.88, அதன் வர்க்கமூலம் 1.97. சி60 படலத்தின் ஒளிவிலகல் எண்ணோ ஏறத்தாழ 2. எதிரொளிப்பை அணைக்கும் பூச்சுக்கு வேண்டிய எண்ணை இயற்கையே தற்செயலாக இந்த மூலக்கூறுக்குக் கொடுத்திருக்கிறது. 80 நானோமீட்டர் தடிமனில் அது சிவப்புக்கு அருகே கால் அலைநீளப் பூச்சாகிவிட, 35 விழுக்காடு எதிரொளிக்க வேண்டிய சிலிக்கான் அங்கே கிட்டத்தட்ட ஒன்றுமே எதிரொளிப்பதில்லை. சூரிய மின்கலங்களுக்கு நீல நிறம் தரும் சிலிக்கான் நைட்ரைடு பூச்சும் இதே எண்ணைக் கொண்டதுதான். நான் எழுதி வைத்த இரண்டு பக்கமும் குப்பைக்குப் போயின.

சிதறும் லேசர் ஒளியைக் கொண்டு மூலக்கூறின் அதிர்வுகளை அறியும் ராமன் அளவீட்டில் இத்தகைய மயக்கம் குறைவு, ஆனால் அங்கே அளப்பதே மாதிரியை மாற்றிவிடும். சி60-இன் மிக வலுவான கோடு 1469 அலை எண்ணில் (சென்டிமீட்டருக்கு எத்தனை அலைகள் என்ற அளவு) இருக்கிறது. லேசர் ஒளி சற்று வலுவாக இருந்தால் அண்டை மூலக்கூறுகள் ஒன்றோடொன்று இணைந்து பலபடியாகி, கோடு 1459-க்கு இறங்கிவிடுகிறது. இந்தப் பத்து அலை எண் சரிவைப் பார்த்துச் சிலிக்கானிலிருந்து எலக்ட்ரான் வந்து சேர்ந்துவிட்டது என்று எண்ண வாய்ப்பிருக்கிறது. ஏனென்றால் எலக்ட்ரான் சேர்ந்தாலும் அந்தக் கோடு கீழ்நோக்கித்தான் நகரும். மறுபுறம், 496-இல் உள்ள கூண்டின் மூச்சுவிடும் அதிர்வு, சிலிக்கானின் பூதாகரமான 521 கோட்டின் அடிவாரத்தில் சிக்கிக் காணாமல் போகிறது. அகச்சிவப்பில் சி60-க்கு இருப்பதே நான்கு கோடுகள்: 527, 576, 1183, 1429. இவற்றில் 1183 ஆக்சைடின் அகன்ற பட்டையின் தோளில் விழுகிறது. 1429 அந்தப் பட்டையிலிருந்து விலகி நிற்கிறது. நான் முதலில் தேடுவதும் அதைத்தான்.

வெற்றிடக் கருவி இல்லாதவர்கள் பின்பற்றும் வேதிவழியும் உண்டு. ஆக்சைடு பரப்பில், ஒரு முனையால் அதோடு பிணைந்து மறு முனையில் அமீன் (நைட்ரஜன் கொண்ட தொகுதி) ஏந்தும் சிலேன் மூலக்கூறுகளை நட்டு, அந்த அமீனை சி60-இன் இரட்டைப் பிணைப்பு ஒன்றில் சேர்த்துவிடும் இந்த முறை தொண்ணூறுகளின் தொடக்கத்திலேயே வந்துவிட்டது. எத்தனை முறை டொலுயீனில் கழுவினாலும் மூலக்கூறு போகாது. ஆனால் இரட்டைப் பிணைப்பு ஒன்று செலவாகிவிடுவதால் அது இனிப் பழைய சி60 அல்ல. எலக்ட்ரானை ஏற்கும் விருப்பம் சற்றுக் குறைந்திருக்கும், உறிஞ்சல் நிறமாலையும் மாறியிருக்கும். சிலிக்கானின் மேல் அந்த மாற்றத்தை ஊடுருவும் ஒளியால் காண முடியாது, ஏனென்றால் கண்ணுக்குத் தெரியும் ஒளி சிலிக்கானைக் கடந்து வருவதில்லை.

இப்போது நான் ஒவ்வொரு முறை பூசும்போதும் நான்கு துண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறேன்: ஹைட்ரஜன் மூடிய சிலிக்கான், இயற்கை ஆக்சைடு கொண்ட சிலிக்கான், வேண்டுமென்றே தடிமனாக ஆக்சைடு வளர்த்த சிலிக்கான், ஒரு குவார்ட்ஸ் தகடு. ஒரே மூசையிலிருந்து ஒரே நேரத்தில் ஆவி படிகிறது என்பதால், குவார்ட்ஸில் தெரியும் 450 பட்டை சிலிக்கானிலும் இருந்தாக வேண்டும். சிலிக்கானில் மட்டும் தெரிவது எதுவோ, அதை ஒளிக்குறுக்கீட்டுக் கணக்கில் போட்டுக் கழித்த பிறகே பெயர் சூட்டுகிறேன். சென்ற முறை அப்படிக் கழித்தபின் ஹைட்ரஜன் மூடிய துண்டில் மிஞ்சியது கருவியின் இரைச்சலுக்குள் அடங்கிவிட்டது. 7×7 பரப்பில் ஒற்றை அடுக்கை வைத்து அதே அளவீட்டை வெற்றிடத்துக்குள்ளேயே செய்ய வேண்டும். அதற்கான ஒளிச் சாளரம் பொருத்திய கருவியில் எனக்கு நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். அங்கும் குவார்ட்ஸ் தகடு இல்லாமல் நான் போகப்போவதில்லை.